ஆக்குபேஷனல் தெரபிக்கு அலையிறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிருங்க: ராமநாதபுரம் கடலோரக் குடும்பங்களுக்கு

எங்க வீட்ல மூணு பேருக்கு ஓடி (OT), அதாவது ஆக்குபேஷனல் தெரபி, பார்த்தாச்சு. மகனுக்கு ரெண்டரை வயசுல ஆரம்பிச்சது, அப்புறம் கொழுந்தனுக்கு போட்ல வின்ச்ல கை மாட்டுனப்ப, கடைசியா மாமாவுக்கு பக்கவாதம் வந்தப்ப. மூணு தடவையும் புதுசா அலைஞ்சேன், மூணு தடவையும் ஒரே ஜெராக்ஸ் கடையில நின்னேன். மண்டபத்துல இருந்து ராமநாதபுரம், அங்கிருந்து மதுரை, திரும்பி வர்றதுக்குள்ள ராத்திரியாயிரும். நீங்களும் அப்படி அலைய வேணாம்னுதான் எழுதுறேன். நான் டாக்டர் இல்ல, தெரபிஸ்ட்டும் இல்ல, அதனால மருந்து மாத்திரை விஷயம் எதுவும் இதுல இருக்காது.

1. முதல்ல எந்தக் கதவுன்னு தெரிஞ்சுக்கோங்க

நான் எட்டு மாசம் வீணாக்குனது இதுலதான். பிசியோதெரபியும் ஆக்குபேஷனல் தெரபியும் ஒண்ணுன்னு நெனைச்சுட்டேன், பேர்ல ஆக்குபேஷன்னு இருக்குறதால வேலை வாங்கித் தர்ற எடமோன்னு எங்க வீட்டுக்காரர் வேற கேட்டாரு. சுருக்கமா சொல்றேன். பிசியோல தசை, மூட்டு, நடை, வலி இதைப் பார்ப்பாங்க. ஓடில அன்னாடம் நாம செய்ற காரியத்தைப் பார்ப்பாங்க, சாப்பிடுறது, குளிக்கிறது, உடுத்துறது, பிள்ளைன்னா விளையாடுறது எழுதுறது, பெரியவங்கன்னா அவங்க பொழப்பு. ரெண்டும் சேர்ந்தே தேவைப்படலாம், மாமாவுக்கு ரெண்டும்தான் குடுத்தாங்க.

போறதுக்கு முன்னாடி போன் பண்ணி "உங்ககிட்ட ஓடி இருக்காங்களா, எந்தக் கிழமை இருப்பாங்க"ன்னு கேளுங்க. "தெரபி இருக்கா"ன்னு கேட்டா எல்லாரும் இருக்குன்னுதான் சொல்வாங்க. படிப்பு பிஓடி இல்லன்னா எம்ஓடி. பிபிடின்னா அது பிசியோ. பிஓடி நாலு வருசத்துக்கு மேல படிக்கிற படிப்பு, இன்டர்ன்ஷிப்பும் அதுல சேரும். ஆறு மாச கோர்ஸ் முடிச்சவங்க தெரபிஸ்ட்னு போர்டு மாட்டியிருப்பாங்க, கூச்சப்படாம சர்டிபிகேட் கேளுங்க. சுவத்துல மாட்டியிருக்குற பிரேம்ல பேரையும் படிப்பையும் படிங்க, மாட்டாம இருந்தா அதுவே ஒரு தகவல்.

2. ஒரு காரியத்தோட போங்க

எனக்கு இதை யாரும் சொல்லல. முதல் தடவை தெரபிஸ்ட் "என்ன சரியாகணும்"னு கேட்டப்ப நான் "எல்லாம் சரியாகணும் மேடம்"னு அழுதேன். அவங்க பாவம் என்ன எழுதுவாங்க. அப்புறம் அவங்களே கேட்டாங்க, காலையில எந்திரிச்சதுல இருந்து எங்க மாட்டிக்கிறீங்கன்னு. பல் தேய்க்க வாயைத் திறக்க மாட்டான், தலையில எண்ணெய் வச்சா அலறுவான், மணல்ல கால் வைக்க மாட்டான் (கடக்கரையில பொறந்த பிள்ளை!), சோத்தைக் கையால தொட மாட்டான்னு சொன்னேன். அதுல இருந்துதான் வேலையே ஆரம்பிச்சது.

அதனால நீங்க ஒரு பேப்பர்ல மூணே மூணு காரியம் எழுதிட்டுப் போங்க. "கை பலம் வரணும்"னு எழுதாதீங்க, "சட்டை பட்டன் தானாப் போடணும்", "கிழிஞ்ச வலையைப் பொத்தணும்", "பாத்ரூமுக்கு யார் துணையும் இல்லாம போகணும்"னு எழுதுங்க. கூடவே போன்ல ரெண்டு மூணு வீடியோ, ஒவ்வொண்ணும் ஒரு நிமிசம் போதும், சாப்பிடுறது, நடக்குறது, அடம் பிடிக்கிறது. புது எடத்துக்குப் போனா பிள்ளைங்க வீட்ல செய்ற எதையும் செய்யாது, பெரியவங்க அதுக்கு நேர் எதிர், டாக்டர் முன்னாடி மட்டும் நல்லா நடந்து காட்டுவாங்க. மாமா அப்படித்தான் நடந்து காட்டுனாரு, வாசல்ல வந்து சாய்ஞ்சுட்டாரு.

3. பைல் ஒண்ணு போடுங்க

பத்து ரூபா பிளாஸ்டிக் பைல் போதும். உள்ள இருக்க வேண்டியது: ஆதார் (பிள்ளைக்கும் உங்களுக்கும்), பிறப்புச் சான்று, ரேஷன் கார்டு, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ குறைஞ்சது எட்டு, பிரசவம் ஆன ஆஸ்பத்திரியோட டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன், ரத்த டெஸ்ட், பேங்க் பாஸ்புக் முதல் பக்கம், வருமானச் சான்று. பெரியவங்கன்னா டிஸ்சார்ஜ் சம்மரியும் சிடி, எம்ஆர்ஐ ரிப்போர்ட்டும் முக்கியம். எல்லாத்துக்கும் ரெண்டு செட் ஜெராக்ஸ், ஒரிஜினலை எந்த கவுண்டர்லயும் விட்டுட்டு வராதீங்க. நான் விட்டேன், அது திரும்பி வரவே இல்ல, எந்த எடம்னு இங்க சொல்லல.

எழுத்துப்பிழை பாருங்க. மகன் பேர் பிறப்புச் சான்றுல ஒரு மாதிரி, ஆதார்ல ஒரு எழுத்து கூட இருந்துச்சு. அதைத் திருத்த மட்டும் ஒன்றரை மாசம். இனிஷியல் முன்னாடியா பின்னாடியா, அதுவரைக்கும் ஒத்துப்போகணும். ஆதார்ல இருக்குற போன் நம்பர் இப்ப உங்க கையில இருக்குற நம்பரான்னும் பார்த்துருங்க, ஓடிபி அதுக்குத்தான் வரும், பழைய சிம்மைத் தூக்கிப் போட்டிருந்தா அன்னைக்கி நாள் போச்சு.

4. சின்னப் பிள்ளைங்க: எங்க ஆரம்பிக்கிறது

ஒன்பது மாசத்துலயும் உக்காரல, ஒன்றரை வயசு ஆகியும் நடக்கல, பேரைக் கூப்பிட்டா திரும்பல, சின்னப் பொருளை ரெண்டு விரலால எடுக்கல, எப்பவும் நுனிக்கால்ல நடக்குதுன்னா காத்திருக்காதீங்க. "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசுனான்"னு சொல்ல எல்லா வீட்லயும் ஒரு அப்பத்தா இருக்கும். அப்பத்தாவை மதிங்க, ஆனா பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிருங்க.

மொதல்ல அங்கன்வாடி. ஆர்பிஎஸ்கேன்னு ஒரு திட்டம் 2013ல இருந்து இருக்கு, அந்த டீம் அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வந்து பிள்ளைங்களைப் பார்ப்பாங்க, பொறந்ததுல இருந்து 18 வயசு வரைக்கும். அவங்க எழுதிக்குடுத்தா மாவட்ட அளவுல இருக்குற டிஇஐசிக்கு, அதாவது ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குப் போகலாம். அங்க பிள்ளைங்க டாக்டர், பிசியோ, பேச்சுப் பயிற்சி, சைக்காலஜிஸ்ட் எல்லாம் ஒரே எடத்துல இருக்குற மாதிரி அமைப்பு. காசு கிடையாது. டீம் வர்ற வரைக்கும் காத்திருக்கணும்னு இல்ல, நேராவும் போகலாம். எல்லாப் போஸ்ட்லயும் எல்லா நேரமும் ஆள் இருக்கும்னு நெனைக்காதீங்க, அதுக்குத்தான் போன் பண்ணச் சொன்னேன்.

பள்ளிக்கூடம் சேர்ந்த பிள்ளைன்னா வட்டார வள மையத்துல சிறப்பாசிரியர் இருப்பாங்க, வெளிய வர முடியாத பிள்ளைக்கு வீட்டுக்கே வந்து சொல்லிக்குடுக்குற ஏற்பாடும் உண்டு. ஹெட்மாஸ்டர்கிட்ட எழுதிக் குடுங்க, வாயால கேட்டா மறந்துருவாங்க.

தெரபி ரூம்ல என்ன நடக்கும்னு கேக்குறீங்களா? பார்த்தா விளையாட்டு மாதிரி இருக்கும். எங்க சின்ன மாமியார் ஒருநாள் வந்துட்டு "இதுக்கா நானூறு ரூபா, ஊஞ்சல் ஆடுறதுக்கு"ன்னு கேட்டுட்டாங்க. அந்த ஊஞ்சல்லதான் அவனுக்கு பேலன்ஸ் வந்தது. வீட்ல செய்யச் சொன்னதெல்லாம் காசில்லாதது: பல்லாங்குழியில சோழி போட்டு எடுக்குறது, ஈர மணலை மொதல்ல ஸ்பூனால, அப்புறம் ஒரு விரலால, அப்புறம் கையால தொடுறது. மணல்ல உக்கார நாலு மாசம் ஆச்சு. இப்ப எந்திரிக்க மாட்டேங்குறான், அது வேற கதை.

இதுல மாட்டக்கூடிய எடங்கள்: ஆறு மாசத்துல ஆட்டிசத்தை முழுசா சரி பண்ணிருவோம்னு சொல்ற எடத்துக்கு அட்வான்ஸ் கட்டாதீங்க. கதவைச் சாத்திக்கிட்டு பெத்தவங்களை உள்ள விடாத எடமும் வேணாம். வாரத்துக்கு ரெண்டு மணி நேரம் தெரபிஸ்ட் பார்க்குறாங்க, மிச்சம் முழுக்க பிள்ளை உங்ககிட்டதான், உள்ள என்ன செய்றாங்கன்னு தெரியாம வீட்ல எப்படி செய்வீங்க. வாரம் ரெண்டு தடவை போக முடியலன்னா மாசம் ரெண்டு தடவை போய் வீட்டுக்குப் பயிற்சி எழுதி வாங்கிட்டு வாங்க, நாங்க ஒரு வருசம் அப்படித்தான் ஓட்டுனோம். எல்லாத்தையும் ஒரே எடத்துல முழுசா பார்க்கணும்னா சென்னை முட்டுக்காட்டுல மத்திய அரசோட என்ஐஇபிஎம்டி, அதாவது பல்வகைக் குறைபாடு உள்ளவங்களுக்கான தேசிய நிறுவனம், இருக்கு. ஒரு தடவை போய் மதிப்பீடு பண்ணிட்டு வந்தா அந்த ரிப்போர்ட்டை வச்சு இங்கயே தொடரலாம்.

5. யூடிஐடி கார்டு

யூடிஐடின்னா மாற்றுத்திறனாளிக்கான அடையாள அட்டை. தெரபிக்கு இந்தக் கார்டு வேணும்னு இல்ல. ஆனா உதவித்தொகை, பஸ் பாஸ், பரீட்சையில கூடுதல் நேரம் எல்லாத்துக்கும் இதுதான் கேப்பாங்க, அதனால தெரபியும் இதுவும் ஒண்ணா ஆரம்பிங்க.

ஸ்வாவ்லம்பன் கார்டு வெப்சைட்ல பதியணும், நீங்களே போன்ல பண்ணலாம், இல்ல இ-சேவை மையம். கார்டுக்குக் கட்டணம் கிடையாது, இ-சேவையில டைப் பண்றதுக்கு மட்டும் கேப்பாங்க. ஆஸ்பத்திரியைத் தேர்வு பண்ற எடத்துல கவனமா நம்ம மாவட்டத்தைப் போடுங்க. பதிஞ்சதும் வர்ற எண்ணை பைல் அட்டையிலயே எழுதி வச்சிருங்க. அப்புறம் மெடிக்கல் போர்டு நாள். டாக்டர் பார்த்து குறைபாடு எத்தனை சதவீதம்னு போடுவாங்க, பெரும்பாலான சலுகைக்கு 40 சதவீதம் தேவை. 40க்குக் கீழ வெள்ளை கார்டு, 40ல இருந்து 80க்குள்ள மஞ்சள், 80ம் அதுக்கு மேலயும்னா நீலம். ஆட்டிசம், அறிவுசார் குறைபாடுன்னா சைக்காலஜிஸ்ட் மதிப்பீடும் தேவைப்படும், அவங்க வர்ற நாளும் போர்டு நாளும் ஒண்ணா இருக்காது, ரெண்டையும் முன்னாடியே விசாரிங்க. எங்களுக்கு அது தெரியாம மூணு தடவை போனோம்.

போர்டு நாளைக்கு காலையில ஏழரைக்கே போயிருங்க. பிள்ளைக்குப் பிடிச்ச பொம்மை, தண்ணி, மாத்துத்துணி, இட்லி எடுத்துக்கோங்க. அன்னைக்கி மட்டும் தூக்கம் கெடாம நல்லா இருக்கட்டும்னு மருந்தெல்லாம் குடுத்து அமைதியா ஆக்கிக் கூட்டிட்டுப் போகாதீங்க, பிள்ளை எப்படி இருக்கோ அப்படியே பார்க்கட்டும்.

கார்டு தபால்ல வர மாசக்கணக்காகும். அதுவரைக்கும் வெப்சைட்ல இருந்து சர்டிபிகேட்டை டவுன்லோடு பண்ணி பிரிண்ட் எடுத்து வச்சுக்கலாம், ரொம்பப் பேருக்கு இது தெரியல. சின்னப் பிள்ளைங்களுக்கு தற்காலிகமாத்தான் தருவாங்க, முடியிற தேதியை காலண்டர்ல குறிச்சு வைங்க. முடிஞ்சப்புறம் ஓடுனா உதவித்தொகை நின்னுரும்.

பத்தாவது, பன்னெண்டாவது பொதுத்தேர்வுல எழுத உதவியாளரும் ஒரு மணி நேரம் கூடுதலும் வாங்கலாம். பரீட்சை மாசத்துல போய் நிக்காதீங்க, அந்த வருசம் பள்ளிக்கூடம் திறந்ததுமே விண்ணப்பிங்க. பிள்ளைக்கு 18 முடிஞ்சா, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு இதுல ஏதாவதுன்னா சட்டப்படி பாதுகாவலர் ஆகுறதுக்கு கலெக்டர் தலைமையில இருக்குற உள்ளூர் கமிட்டியில மனு போடணும். அம்மா அப்பாதானேன்னு பேங்க்காரங்க விட மாட்டாங்க.

6. வேலை செய்ற வயசு: கையில அடி பட்டா

நம்ம பக்கம் வின்ச், கயிறு, ஐஸ் உடைக்கிற மெஷின், எதுல வேணாலும் கை போகும். கொழுந்தனுக்கு ரெண்டு விரல் நரம்பு அறுந்து மதுரையில ஆபரேஷன். நாம நரம்புன்னு சொல்றது டாக்டர் பாஷையில டெண்டன். தையல் பிரிச்சதும் எல்லாம் முடிஞ்சிருச்சுன்னு நெனைச்சு ஊருக்கு வந்துட்டோம், அதுதான் தப்பு. டெண்டன் தைச்ச கையை ஏறத்தாழ ஆறு வாரம் ஸ்பிளின்ட் (கையைத் தாங்கிப் பிடிக்கிற அச்சு) போட்டுப் பாதுகாக்கணும், அதே நேரத்துல சொன்ன அளவுக்கு அசைக்கவும் செய்யணும். பாரமான வேலைக்கு பன்னெண்டு வாரமாவது ஆகும். அசைக்காம வச்சா ஒட்டிக்கும், முந்தி இழுத்தா அறுந்துரும். டிஸ்சார்ஜ் ஆகுறப்பவே "கைக்கு தெரபிக்கு எங்க போகணும், என்னைக்கி ஆரம்பிக்கணும்"னு எழுதி வாங்கிருங்க.

ஸ்பிளின்ட் ஒருவகை பிளாஸ்டிக்ல, சுடுதண்ணியில போட்டு இளக்கி கையில வச்சே வளைப்பாங்க. அதனால வெயில்ல நிக்கிற வண்டியில, போட் மேல்தட்டுல வச்சீங்கன்னா அது தன் வடிவத்தை விட்ரும். கொழுந்தன் பைக் பெட்டியில வச்சான். ரெண்டாயிரத்து இருநூறு ரூபா சாமான், மறுபடி செஞ்சோம்.

கடல்பாசி எடுக்குற அக்காங்க விரல்ல துணி சுத்திக்கிட்டு பாறையில கையை விடுறதைப் பார்த்திருப்பீங்க. அந்த விரல் வெட்டு, இடுப்பு வலி, முட்டி வலிக்கெல்லாம் ஓடில யோசனை கேக்கலாம், பையை எப்படிச் சுமக்குறது, எத்தனை நேரத்துக்கு ஒருக்கா நிமிரணும், கையுறை எப்படிப்பட்டதுன்னு. வேலையை விட்ருங்கன்னு சொல்றவங்களா இருந்தா வேற ஆளைப் பாருங்க.

மனநிலை சரியில்லாதவங்களுக்கும் இது உண்டு. காலையில எந்திரிச்சு பல் தேய்ச்சு ஒரு சின்ன வேலை செய்ற பழக்கத்தைத் திரும்பக் கொண்டு வர்றது இதோட பழைய வேலையே. ஏர்வாடிக்குக் கூட்டிட்டுப் போற குடும்பங்க போங்க, வேணாங்கல, அங்க தர்காவுக்கு வர்றவங்களுக்கு துவாவோட சேர்த்து அரசாங்க மனநல மருத்துவமும் குடுக்குற ஏற்பாடு இருக்கு, அதைக் கேட்டு வாங்குங்க. நடுராத்திரியில பேச ஆள் வேணும்னா டெலி மானஸ் 14416.

மீன்பிடி குடும்பத்துக்கு ஒரு விஷயம். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், 61 நாள். ஆம்பளைங்க வீட்ல இருக்குற காலம் அதுதான், தொடர்ந்து தெரபிக்குப் போக, போர்டுக்குப் போக அதுதான் வசதி. மார்ச்சுலயே தேதி வாங்கிருங்க, எல்லாரும் அதே நேரத்துலதான் வருவாங்க.

7. பக்கவாதம் வந்தவங்க, வயசானவங்க

வாய் கோணுது, கை தொங்குது, பேச்சு குழறுதுன்னா 108, அதுல யோசனையே வேணாம். இது ஆஸ்பத்திரியில இருந்து வந்தப்புறம் உள்ள கதை.

முதல் மூணு மாசம் ரொம்ப முக்கியம், அப்பத்தான் மீட்சி வேகமா இருக்கும். அதை நாட்டு எண்ணெய்லயும் சொந்தக்காரங்க விசாரிப்புலயும் கரைச்சிராதீங்க. உணர்ச்சி இல்லாத கையில சூடா ஒத்தடம் குடுத்தா வெந்துபோனது கூடத் தெரியாது. தூக்குறப்ப விழுந்த (செயல் இழந்த) பக்கக் கையைப் பிடிச்சு இழுக்காதீங்க, தோள்பட்டை எறங்கிரும். மாமாவுக்கு முதல் வாரத்துலயே நாங்க அப்படித்தான் பண்ணிட்டோம், அந்தத் தோள் வலி ஒரு வருசம் இருந்துச்சு. பந்தைக் குடுத்து அமுக்கச் சொல்றதும் அப்படித்தான், சில கைக்கு அது இறுக்கத்தைக் கூட்டிரும், கேக்காம குடுக்காதீங்க.

சட்டை போடும்போது விழுந்த கையை முதல்ல நுழைக்கணும், கழட்டும்போது நல்ல கை முதல்ல. இது ஒண்ணு தெரிஞ்சதும் காலையில வீட்ல சண்டை பாதி குறைஞ்சது. கைலி பெரிய பிரச்சனை. ஒத்தக் கையால கைலி கட்ட முடியாது, பேன்ட் போட மாட்டேன்னு அடம். தெரபிஸ்ட் பொண்ணு, சின்ன வயசுதான், கைலியை மூட்டி இடுப்புல எலாஸ்டிக் வச்சு தைச்சுட்டு வரச் சொல்லுச்சு. டெய்லர் அறுபது ரூபா வாங்குனாரு. அன்னைக்கி மாமா தானே உடுத்திக்கிட்டு திண்ணையில போய் உக்காந்தாரு.

அவர் கேட்ட காரியம் வலை பொத்துறது. வலை ஊசியைக் கொண்டு வாங்கன்னுச்சு அந்தப் பொண்ணு, கொண்டு போனோம். ஊசியோட பிடியில பழைய சைக்கிள் டியூபைச் சுத்தி கனமாக்குச்சு, வலையை ஜன்னல் கம்பியில ரெண்டு கொக்கி போட்டு மாட்டி இழுத்துக் கட்டுச்சு. முன்னாடி ஒரு மணி நேரத்துல போடுற கண்ணு இப்ப ஒரு நாள் ஆகுது, முடிச்சு கொஞ்சம் லூசு. ஆனா போடுறாரு. பக்கத்து வீட்டு அத்தைக்கு சொல்லிக்குடுத்தது இன்னொண்ணு: ஒத்தக் கையால மீன் ஆயிறதுக்கு பலகையில கீழ இருந்து ரெண்டு ஆணி அடிச்சு முனை மேல நிக்கிற மாதிரி வச்சு மீனை அதுல குத்தி நிறுத்துறது. துருப்பிடிக்காத ஆணியா போடுங்க, வேலை முடிஞ்சதும் பிள்ளைங்க கைக்கு எட்டாம வைங்க.

பாத்ரூம் பத்தி ஒரு வார்த்தை. வயசானவங்க விழுறது அங்கதான். பிடிமானக் கம்பி, வழுக்காத மேட், ராத்திரி ஒரு சின்ன லைட், வாசப்படியில மேடு இருந்தா சரிவு. மதுரையில எழுதிக் குடுத்தவங்க சாதாரண இரும்புக் குழாய்னு எழுதியிருந்தாங்க, நம்ம உப்புக்காத்துல அது ஒரு மழைக்காலம் தாங்காது, துரு பிடிச்சு கையைக் கிழிக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டு வாரம் ஒருக்கா நல்லதண்ணியில துடைங்க. வீல்சேரும் அப்படித்தான், சின்ன டயர்னா தெரு மணல்ல இறங்கிரும், நம்ம தெரு எப்படின்னு போட்டோ காட்டிட்டு வாங்குங்க. 60 தாண்டின ஏழைக் குடும்பத்துப் பெரியவங்களுக்கு ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனான்னு ஒரு திட்டத்துல ஊன்றுகோல், வாக்கர், வீல்சேர் இலவசமா தருவாங்க, முகாம் போடுறப்பதான், கலெக்டர் ஆபீஸ்ல கேட்டுக்கிட்டே இருக்கணும்.

மறதி நோய்னா ஓடில மறதியைப் போக்க மாட்டாங்க. அலமாரிக் கதவுல படம் ஒட்டுறது, கேஸ் வால்வுக்குப் பூட்டு, தினம் ஒரே நேரத்துக்கு ஒரே வேலைன்னு வீட்டைத்தான் மாத்தச் சொல்வாங்க. பார்த்துக்குற ஆளுக்கும் கொஞ்சம் மூச்சு விட முடியும்.

8. காசு

தனியார்ல எங்ககிட்ட ஒரு செஷனுக்கு 400 வாங்குனாங்க, மதுரையில 600. பத்து செஷன் மொத்தமா கட்டுனா குறைப்போம்னாங்க, மொதல்ல ரெண்டு பாருங்க, அப்புறம் கட்டுங்க. ஒவ்வொண்ணுக்கும் பில் கேளுங்க. வருசம் பூரா கணக்குப் பார்த்தா தெரபியை விட பஸ்ஸும் ஆட்டோவும் சாப்பாடும்தான் அதிகம் ஆச்சு, வேலைக்குப் போகாத நாளை நான் இதுல சேர்க்கல.

முதலமைச்சர் காப்பீட்டு கார்டு இருக்கேன்னு நம்பிப் போகாதீங்க, அது பெரும்பாலும் ஆபரேஷனுக்கும் படுத்துப் பார்க்குற வைத்தியத்துக்கும்தான். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு இந்த நாலுக்கும் நிராமயான்னு தனிக் காப்பீடு இருக்கு, வருசம் ஒரு லட்சம் வரைக்கும், தெரபியும் அதுல வரும். வறுமைக்கோட்டுக்குக் கீழன்னா 250 ரூபா, மத்தவங்களுக்கு 500. வருசா வருசம் புதுப்பிக்கணும், நான் ஒரு வருசம் விட்டுட்டேன், அந்த வருசம்தான் செலவு. அறிவுசார் குறைபாடு, கடுமையான பாதிப்புக்கெல்லாம் மாநில அரசோட பராமரிப்பு உதவித்தொகை மாசம் 2,000. மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல மனு, நகலைச் சீல் வாங்கி வச்சுக்கோங்க. பதில் இல்லன்னா திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள்ல குடுங்க, அங்க குடுத்த மனுவுக்கு ஒரு எண் வரும்.

டவுன் பஸ்ல மாற்றுத்திறனாளிக்கும் கூட வர்ற ஒருத்தருக்கும் டிக்கெட் இல்ல. சிகிச்சைக்குப் போயிட்டு வர்றதுக்கு தனி பஸ் பாஸும் உண்டு, தெரபி எடத்துல "இத்தனை நாள் வரணும்"னு கடிதம் வாங்கிட்டுப் போனா மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துலயே போடலாம். வீட்டை விட்டு எந்திரிக்கவே முடியாதவங்களுக்கு மக்களைத் தேடி மருத்துவத்துல பிசியோ வீட்டுக்கு வருவாங்க, உங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல பேர் குடுங்க. வர்றது பிசியோதான், ஓடி இல்ல, அதனால அவங்ககிட்ட அந்த மூணு காரியம் எழுதுன பேப்பரைக் காட்டிருங்க.